அறியா மலையில் முதற் பறப்பு

சீவக சிந்தாமணியைப் பயின்றோர், சச்சந்தன் தன் தேவியின்பொருட்டுச் செய்வித்த மயிற்பொறியை மறவார். விசயை அதனைச் செலுத்தும் வகையை நற்காலத்திலேயே கற்றுக்கொண்டாள். கட்டியங்காரனால் கேடு சூழ்ந்த நாளில் அதன்மீது ஏறி வான்வழியே சென்றாள். அப்பொறி அவளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சுடுகாடு. பொறி அவள் நன்கறிந்தது; இறங்கிய நிலமோ அவள் தேர்ந்துகொள்ளாதது. இக்கதையைப் படிக்குங்கால் நாம் விசயையின் துயரத்திற்கு இரங்குகிறோமேயன்றி, அன்று காற்று எப்பக்கத்திலிருந்து வீசிற்று, இறங்குதற்கு வேறு வெளியிடம் இருந்ததா என்றெல்லாம் கேட்பதில்லை. கேட்பது புலமைக்கு அழகன்று என்பர் போலும். ஆயினும் யந்திரமின்றிச் சிறகொன்றையே துணையாகக் கொண்டு மலையினின்று பாய்ந்து பறப்பவர்க்கு இவ்விரண்டு வினாக்களே உயிர்நிலை. அத்தகையோர், முன்பின் கண்டிராத ஒரு மலைக்குச் சென்று முதன்முறை பறக்குங்கால் என்ன நிகழ்கிறது என்பதை இயன்ற அளவு விளக்க முற்படுகிறேன். எழுதும் யான் பறந்தவனல்லேன். விடுதி மாடியில் பட்டம் விட்டவன் என்னும் அளவே என் தகுதி என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

தொங்கு கிளைடர் என்று நாம் இங்கே வழங்கும் கருவி, அலுமினியக் குழாய்களாலான சட்டத்தின்மேல் உறுதியான பாய்த்துணியை இழுத்துக் கட்டிய ஒரு சிறகு. நுனிக்கு நுனி சுமார் 30 அடி நீளமும், 60 அல்லது 70 இராத்தல் நிறையும் உடையது. சிறகின் நடுவிலிருந்து தொங்கும் பட்டையில் பறப்பவர் தம் உடற்கச்சையை மாட்டிக்கொண்டு, குப்புறக் கிடந்தவாறு தொங்குகிறார். அவர் கைகளுக்கு முன்னே ஒரு முக்கோணச் சட்டம் உண்டு. அதன் அடிக்கோலைத் தம்மை நோக்கி இழுத்தால் அவருடல் முன்னே செல்லும், சிறகின் மூக்குத் தாழும், வேகம் மிகும். தள்ளினால் மூக்கு உயரும், வேகம் குறையும். உடலை இடப்பக்கம் நகர்த்தினால் சிறகு இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். சுக்கானும் இல்லை, யந்திரமும் இல்லை. மனிதன் நிறையே சுக்கான், உயரமே எண்ணெய். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்துவிட்டால், காற்றானது சிறகின் மேற்புறத்தைத் தழுவிச் செல்லாமல் பிரிந்துவிடும். அப்போது சிறகு தாங்குதலை இழந்து விழும். இதனைச் சிறகு சோர்தல் என்று சொல்வோம். இச்சொல் இக்கட்டுரையில் மேலும் வரும்.

இக்கருவியின் வரலாறு சுவையுடையது. எனினும் சுருக்கமாகவே சொல்வேன். அமெரிக்கராகிய பிரான்சிஸ் ரொகாலோ என்பவரும் அவர் மனைவியார் கெர்ட்ரூடும் 1948-ஆம் ஆண்டில், வளைந்து கொடுக்கும் துணிச்சிறகு ஒன்றைப் பட்டமாகச் செய்து பறக்கவிட்டனர். அடுக்களைச் சன்னலின் பூப்போட்ட திரைச்சீலையே அதற்குத் துணியாயிற்று. 1963-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கிராப்டன் என்னும் ஊரினரான ஜான் டிக்கென்சன் அத்தகைய சிறகின் கீழ் மேற்கூறிய முக்கோணச் சட்டத்தைப் பொருத்தி, மோட்டார்ப் படகால் இழுக்கச் செய்து பறந்து காட்டினார். இன்றைய கிளைடர்கள் யாவும் பெரும்பாலும் அச்சட்டத்தின் வழிவந்தவையே.

ஆனால் இவர்கள் அனைவர்க்கும் முன்னோர் ஒருவர் உளர். அவர் ஜெர்மனியில் 1848-ஆம் ஆண்டில் பிறந்த ஓட்டோ லிலியந்தால். நாரைகளின் பறத்தலை ஆராய்ந்து 1889-இல் நூலொன்று வெளியிட்டார். 1891 முதல் தாமே செய்த சிறகுகளில் குன்றுகளிலிருந்து பறந்தார். அவர் செய்த ஒரு செயல் என்னைப் பெரிதும் கவர்ந்தது. 1894-இல் பெர்லின் நகரை அடுத்த லிக்டர்பெல்டு என்னுமிடத்தில் சுமார் 50 அடி உயரமுள்ள கூம்புவடிவக் குன்று ஒன்றைத் தம் செலவில் எழுப்பினார். ஏன் கூம்பு வடிவம்? காற்று எத்திசையினின்று வீசினும் அதனை எதிர்நோக்கி ஓடிப் பறக்கலாம் என்பதற்காக. தாமே அமைத்த குன்றில் அறியாதது ஒன்றும் இராதன்றோ! எனினும் 50 அடி உயரம் அவருக்குப் போதவில்லை. ஸ்டோல்ன் என்னும் சிற்றூரருகே உள்ள கோலன்பெர்க் முதலிய இயற்கைக் குன்றுகளை நாடிச் சென்று, 800 அடித் தூரம் வரையிலும் பறந்தார். 2,000 முறைக்குக் குறையாது பறந்த அப்பெரியார், 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள், கோலன்பெர்க் குன்றினின்று பறக்கையில், வெயிலால் எழுந்த காற்றொன்று சிறகை மேலே தூக்கி நிறுத்த, வேகம் இழந்து, சிறகு சோர்ந்து, சுமார் 50 அடி உயரத்தினின்று விழுந்து கழுத்தெலும்பு முறிந்தார். மறுநாள் உயிர் நீத்தார். அக்குன்று அவருக்குப் பழகிய குன்று. அன்றெழுந்த காற்றே அவர் அறியாதது. பழகிய குன்றே இங்ஙனமாயின், பழகாத மாமலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நாம் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஸ்டான்வெல் பார்க் என்னும் கடலோரக் குன்றில் ஐந்தாண்டுகள் பறந்து பழகியவர். லாரன்ஸ் ஹார்கிரேவ் என்னும் அறிஞர் 1894 நவம்பர் 12-ஆம் நாள், நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றாகக் கட்டி 16 அடி உயரம் எழுந்தது அவ்வூர்க் கடற்கரையிலேயே. அங்கே கடற்காற்றுக் குன்றின் முகத்தில் மோதி மேலெழும். அவ்வெழுச்சியில் பறவையும் மனிதனும் மணிக்கணக்காக மிதக்கலாம். கடலின்மேல் வந்த காற்று வழியில் மரத்தையோ வீட்டையோ கண்டதில்லை. ஆதலின் அது பட்டுப்போல் வழவழப்பானது. இத்தகைய காற்றில் வளர்ந்த நம் நண்பர் இமயமலைச் சாரலில் உள்ள பில்லிங் என்னும் இடத்திற்கு வருகிறார். இவரைப் புதியவர் என்றே அழைப்போம்.

பில்லிங், ஹிமாசலப் பிரதேசத்தின் காங்கிரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் தென்சரிவில் சுமார் 8,000 அடி உயரத்தில் உள்ள ஒரு புல்வெளி. அதன் கீழே ஏறக்குறைய 3,000 அடித் தாழ்வில் பீர் என்னும் சிற்றூர். இரண்டிற்கும் இடையே சுமார் 9 மைல் வளைந்து செல்லும் மலைப்பாதை. பீரில் திபெத்தியர் குடியிருப்பும் அவர்தம் மடங்களும் உண்டு. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் செல்லும் குறும்பாதை இரயில் இவ்வூருக்கு அணித்தாகவே செல்கிறது. 1984-ஆம் ஆண்டில் இங்கே தொங்கு கிளைடர்ப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. பின்னாளில் சட்டமில்லாத துணிச்சிறகாகிய பாராகிளைடரே மிகுந்து, 2015-இல் அதற்குரிய உலகக் கோப்பைப் பந்தயமும் நடந்தது. மழைக்காலத்தில், அஃதாவது ஜூலை நடு முதல் செப்டம்பர் நடு வரை, அங்கே பறத்தலுக்குத் தடையுண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களே சிறந்த பருவமாதலின் நம் புதியவரும் அக்டோபரிலேயே வருகிறார் என்க.

வந்த அன்று வானம் தெளிவாயிருக்கிறது. மலைமேல் கழுகுகள் வட்டமிடுகின்றன. வேறு சிலர் பறந்துகொண்டும் இருக்கின்றனர். சிறகைக் கட்டி உடனே பாயவேண்டும் என்று கைகள் துடிக்கின்றன. அவ்வளவு தூரம், ஆளுயரத்தினும் இருமடங்கு நீளமான குழாய்க்கட்டைக் கப்பலிலும் வண்டியிலும் ஏற்றி இறக்கிக் கொணர்ந்தவர்க்கு அத்துடிப்பு இயல்பே. ஆயினும் அறிவுடையோர் முதலிற் செல்வது மேலேயன்று, கீழே. இறங்குமிடத்தைக் காலால் நடந்து பார்த்த பின்னரே ஏறுமிடத்திற்குப் போவர்.

இறங்குமிடத்தில் பார்க்கவேண்டியவை பல. காங்கிராப் பள்ளத்தாக்கின் வயல்கள் படிப்படியாக வெட்டப்பட்டவை. மேலிருந்து நோக்குவோர்க்கு அவை ஒரே பச்சைக் கம்பளமாய்த் தோன்றும். படிகளின் உயரவேறுபாடு தெரியாது. ஒரு படியில் இறங்க எண்ணிச் சற்றே தாழ்ந்து வருவோர் அடுத்த படியின் வரப்பில் மோதுவர். அக்டோபரில் நெல்லறுவடை நடக்கும் வயலில் உழவர் இருப்பர். அவருழைப்பை மிதித்து இறங்குதல் அபாயம் மட்டுமன்று, அறமுமன்று. எல்லாவற்றினும் கொடியது மின்கம்பி. கம்பி வானிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் கம்பியைத் தேடற்க, கம்பத்தைத் தேடுக என்பது பறப்போர் வழக்கு: இரண்டு கம்பங்களைக் கண்டால் இடையே கம்பி உண்டென்று கொள்ளவேண்டும். மடங்களின்மேல் திபெத்தியர் கட்டியுள்ள கொடித் தோரணங்கள் வழிபாட்டிற்கானவை. ஆயினும் வானிலிருந்து வருபவர்க்குக் காற்றின் திசையைக் காட்டும் பேருதவியையும் செய்கின்றன. அடுப்புப்புகையும் அவ்வாறே. இவற்றையெல்லாம் புதியவர் ஒரு மாலை முழுதும் நடந்து மனத்திற் பதித்துக்கொள்கிறார்.

இனிக் காற்றின் இயல்பைச் சொல்லவேண்டும். நம் மொழி திசைக்கொரு காற்றாக நான்கு பெயர் வைத்துள்ளது: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல், வடக்கே வாடை. இப்பாகுபாடு சமவெளிக்கும் கடற்கரைக்கும் மிகப் பொருந்தும். மலையிலோ இவற்றின்மேல் இன்னும் இரண்டு காற்றுகள் உள்ளன. அவற்றிற்குத் திசையில்லை, மேலும் கீழுமே அவற்றின் நெறி. காலையில் ஞாயிறு சரிவைச் சுடுகிறது. சரிவை ஒட்டிய காற்று வெம்மையுற்று இலேசாகி மலைமுகத்தைத் தழுவி மேலேறுகிறது. அவ்விடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கினின்று காற்று வருகிறது. நண்பகல் கடந்தபின் இவ்வோட்டம் வலுப்பெறும். மாலையில் சரிவு குளிர, குளிர்ந்த காற்றுக் கனமாகி நீர்போல் மலையினின்று வழிந்திறங்கும். காலையில் பறத்தற்கு இனிதாயிருந்த அதே புல்வெளி, மாலையில் முதுகுப்புறக் காற்றுடையதாகி, பறத்தற்கு ஆகாததாய்விடுகிறது. எப்போது மாறுகிறது? அதனை அம்மலையிலேயே வாழ்வோர் நாழிகைக் கணக்காய் அறிவர், நூல்கள் அறியா.

வெம்மையுற்ற காற்று எங்கும் ஒரே சீராக எழுவதில்லை. பாறையும் காய்ந்த வயலும் விரைவிற் சுடும். காடும் நீர்நிலையும் தாமதித்துச் சுடும். ஆதலின் சூடான காற்று ஓரிடத்தில் தேங்கி நின்று, திடீரெனப் பிடுங்கிக்கொண்டு தூண்போல் எழுகிறது. 1,000 அடிக்கு ஏறக்குறைய 3 பாகை என்னும் கணக்கில் குளிர்ந்துகொண்டே சென்று, ஓருயரத்தில் அதிலுள்ள நீராவி முகிலாகின்றது. கழுகு சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்வது இத்தூணுக்குள்ளே. கிளைடரும் அவ்வாறே உயரலாம். ஆயினும் ஏறும் காற்றுக்குப் பக்கத்தில் இறங்கும் காற்று உண்டென்பது தேற்றம். ஏறியதன் இடத்தை நிரப்ப ஏதோ ஒன்று இறங்கத்தானே வேண்டும்? இரண்டிற்கும் எல்லையில் காற்றுக் கொந்தளிக்கும். கடற்காற்றில் வளர்ந்த நம் புதியவர்க்கு இக்கொந்தளிப்பே முதல் அதிர்ச்சி. லிலியந்தாலை வீழ்த்தியதும் இவ்வகைக் காற்றே.

இன்னுமொரு காற்று உண்டு, அது வஞ்சகமானது. விடுதி மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னே நின்று பட்டம் விட முயன்றவர் இதனை அறிவர். தொட்டிக்கு முன்புறம் சீராக வீசும் காற்று, தொட்டியைத் தாண்டியவுடன் கீழ்நோக்கிச் சுருண்டு உருளுகிறது. பட்டம் வாலும் தலையுமாய்ச் சுழன்று மாடியில் மோதுகிறது. எத்தனை தாள்கள் அத்தொட்டியடியில் கிழிந்தன என்பதை என் நண்பர்கள் சொல்வர். தொட்டியின் இடத்தில் ஒரு மலைமுகட்டை வைத்துப் பாருங்கள். மலையின் பின்புறத்தினின்று பெருங்காற்று முகட்டைக் கடந்து வீசுங்கால், முகட்டின் இப்பக்கத்தில் காற்றுச் சுருண்டு, சரிவையொட்டி மேல்நோக்கித் திரும்பி வரும். ஏறுமிடத்தில் நட்ட கொடித்துணி அப்போது எதைக் காட்டும்? எதிர்க்காற்று முகத்தில் வீசுகிறது, பறப்பதற்கு நல்ல நேரம் என்றே காட்டும்! புதியவர் அதனை நம்பிப் பாய்ந்தால், சில நொடிகளில் சுழலின் நடுவே இருப்பார். அதனாலேயே தேர்ந்தவர்கள் காலடிக் கொடியை மட்டும் நோக்காது, தலைக்குமேல் முகில் எப்பக்கம் நகர்கிறது என்று அண்ணாந்து பார்க்கின்றனர். கீழுள்ள கொடியும் மேலுள்ள முகிலும் மாறுபட்ட கதை சொன்னால் சிறகை மடித்துவிடுகின்றனர். கொடி பொய் சொல்லாது; அது தன்னிடத்துக் காற்றை மட்டுமே சொல்லும். அவ்விடம் முழு மலையன்று என்பதை மறப்பதே பிழை.

மறுநாள் காலை புதியவர் பில்லிங் ஏறுகிறார். அங்கே அவர் எதிர்பாராத மற்றொரு வேறுபாடு. 8,000 அடி உயரத்தில் காற்றின் செறிவு, கடல்மட்டத்துச் செறிவில் நூற்றுக்கு 79 பங்கேயாம். மெலிந்த காற்று அதே நிறையைத் தாங்கவேண்டுமாயின் சிறகு இன்னும் விரைந்து செல்லவேண்டும். கணக்கிட்டால், வேகம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மிகுதியாக வேண்டும். கடற்கரைக் குன்றில் வலிய எதிர்க்காற்று இருந்தமையால் இரண்டெட்டு வைத்ததும் சிறகு தூக்கிக்கொண்டது. இங்கே காலைக்காற்று மெல்லியது. காற்றின் செறிவும் குறைவு. ஆகவே உயிரைக் கொடுத்து ஓடவேண்டும், மூச்சோ முட்டுகிறது. நடுவில் தயங்கினால் சிறகு சோர்ந்து சரிவிலேயே முட்டும். ஓட்டம் தொடங்கினால் காலடி நிலத்தை விட்டு நீங்குமட்டும் ஓடுவது, இன்றேல் தொடங்காமலே இருப்பது என்னும் இரண்டொழிய மூன்றாவது வழி இல்லை.

ஓடுமுன் செய்யவேண்டியது ஒன்று; இதனைச் சற்று விரித்துச் சொல்வேன். நல்ல பயிற்சியுடையோரும் தம் கச்சையைச் சிறகின் பட்டையில் மாட்ட மறந்து, வெறும் கைகளால் சட்டத்தைப் பிடித்தவாறே மலையினின்று பாய்ந்த நிகழ்ச்சிகள் உலகில் பல. அவருள் மாண்டோரும் உண்டு. மதியீனத்தாலா? அன்று. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் செய்யும் வேலையை யாரும் மறப்பதில்லை. பழக்கமில்லாத இடத்தில் ஒருவர் வந்து ஏதோ கேட்பார், தலைக்கவசத்தை எடுக்கத் திரும்புவோம், காற்று நன்றாயிற்று என்று பின்னிருப்போர் விரைவுபடுத்துவர், ஒழுங்கு கெடும், விட்டுப்போனது விட்டதாகவே போகும். அதனால் பாய்தற்குச் சற்று முன்னர் மற்றொருவரைச் சிறகின் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் செய்து, பறப்பவர் கச்சையில் முழுநிறையும் தொங்கக் குப்புறப்படுத்துப் பார்க்கிறார். மாட்டப்பட்டிருந்தால் தொங்குவார், இல்லையேல் புல்லில் விழுவார். புல்லில் விழுவதால் நேரும் வெட்கம் சிறிது. அறியாத மலையில் அறியாத மனிதரிடம், 'ஐயா, சற்று இதனைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க நாணுவோர் சிலர். அந்நாணம் வேண்டாதது.

பின்னர்க் காத்திருத்தல். காற்று அலையலையாக வரும். கீழே காட்டின் மரநுனிகள் அசையும். சிறிது பொறுத்து நடுச்சரிவிலுள்ள புல் அசையும். பின்னர் ஏறுமிடத்துக் கொடி எழும். ஒரு தூண் கடந்து சென்றதும் கொடி தொய்ந்து, சிலபொழுது பின்பக்கமும் திரும்பும். எழும் அலையின் தொடக்கத்தில் ஓடுவோர்க்குக் காற்றுத் துணை. முடிவில் ஓடுவோர்க்கு அதுவே பகை. எத்தனை நிமிடத்திற்கு ஓரலை என்பதைப் புதியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறார். அவ்வூரிற் பறப்போரிடம் முந்திய நாளே கேட்டுவைத்தவை சில: எம்முகட்டின் பின்னே சுழல் உண்டு? எந்த ஓடைக்கு மேலே எப்போதும் இறங்குகாற்று? கீழே காற்று எத்தனை மணிக்கு வலுக்கும்? முடிவாக, எங்கே போகலாகாது?

கடைசி வினாவிற்கு விடை பின்மலை. பில்லிங்கின் வடக்கே தௌலாதாரின் பனிமுகடுகள் 13,000 அடிக்கும் மேலாக எழுகின்றன. நண்பகல் ஏறுகாற்றில் உயர்ந்து, அம்முகடுகளின் அழகில் மயங்கி, அல்லது காற்றாலேயே தள்ளப்பட்டு, பின்பள்ளத்தாக்குகளுட் புகுந்தோர் உளர். அங்கே இறங்க வயலில்லை, வழியில்லை, ஊரில்லை. பல நாள் தேடியும் சிலர் அகப்படவில்லை. இதனைக் கேட்ட புதியவர் தம் முதற் பறப்புக்கு எல்லை வகுத்துக்கொள்கிறார்: ஏறுகாற்று வலுக்காத முற்பகலில் பாய்வது, உயரத்தைத் தேடாதிருப்பது, நேரே இறங்குமிடத்தை நோக்கிச் சென்று இறங்குவது. பந்தயத்தார் கண்ணுக்கு இது பேதைமையாகத் தோன்றலாம். எனக்கோ இதுவே வீரமாகத் தோன்றுகிறது. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தவர் சில நிமிடப் பறப்போடு அமைவதற்கு மனவலி வேண்டாமா?

கொடி எழுகிறது. ஓடுகிறார். புல்வெளி காலின்கீழ் நழுவுகிறது, மரநுனிகள் தாழ்கின்றன. உடனே சரிவை விட்டு விலகி வெளிநோக்கிச் செல்கிறார். ஏறுகாற்று வலச்சிறகைத் தூக்கினால் சிறகு இடப்பக்கம் திரும்பும். மலை இடப்பக்கம் இருந்தால் அத்திருப்பம் பாறையிற் சென்று முடியும். எனவே, மலைக்கும் தமக்கும் இடையே வேண்டிய வெளி இருக்கவேண்டும். திரும்புவதாயின் எப்போதும் மலைக்குப் புறம்பாகவே திரும்பவேண்டும். எதிரெதிரே இருவர் வந்தால் எவர் வழிவிடவேண்டும் என்பதற்கும் விதியுண்டு: மலையை வலப்பக்கத்தில் உடையவர் விலக இயலாராதலின் மற்றவரே விலகுவார். இவ்விதியைக் கழுகுகள் மட்டும் கைக்கொள்வதில்லை. அவை நமக்கு முன்னரே அங்கிருந்தவையாதலின் குறைகூறுதற்கில்லை.

இப்போது மனக்கணக்கு வேலை செய்கிறது. அவர் சிறகு ஓரடி தாழ்வதற்குள் பத்தடி முன்செல்வது; வேகம் மணிக்கு 25 மைல். 3,000 அடி உயரத்தினின்று அசையாக் காற்றில் 30,000 அடி, அஃதாவது ஐந்தரை மைலுக்கு மேலே செல்லலாம். எதிர்க்காற்று மணிக்கு பன்னிரண்டரை மைலாயின் தூரம் பாதியாகும். அதன்மேல் காற்றே சிறகின் இறக்கத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் இறங்குமாயின், அப்பாதியிலும் மூன்றிலொன்றே எஞ்சும். ஐந்தரை மைல் ஒரு மைலளவிற் சுருங்கும். கண்ணுக்கு எட்டும் இடமெல்லாம் காலுக்கு எட்டும் என்று எண்ணியவர் பலர் மரத்தின்மேல் இறங்கியது இக்கணக்கை மறந்ததனாலேயே. அதனாற்றான் புதியவர், இறங்குமிடம் எட்டாவிடின் இடைவழியில் எந்த வெளியில் இறங்கலாம் என்பதையும் முந்திய மாலையே குறித்துவைத்தார்.

பீர் கீழே விரிகிறது. மடத்துக் கொடிகள் தெற்கினின்று காற்று வருவதைக் காட்டுகின்றன. பள்ளத்தாக்கின் காற்று அவர் எதிர்பார்த்ததினும் முன்னதாகவே எழுந்துவிட்டது. காற்றைப் பின்கொண்டு வயலைக் கடந்துபோய்த் திரும்பவேண்டும். கண் ஏமாறும் இடம் இதுவே. பின்காற்றில் தரை மிக விரைவாக ஓடுவதுபோல் தோன்றும். வேகம் மிகுந்துவிட்டது என்று மருண்டு கோலைத் தள்ளினால், காற்றை நோக்க அவர் வேகம் உண்மையில் குறைந்து சிறகு சோர்ந்துவிடும். தரையை நம்பாதே, முகத்திற் படும் காற்றை நம்பு என்று பழக்கிய ஆசிரியரின் சொல்லே அப்போது துணை. கோலை மார்போடு இழுத்துப் பிடித்து, கம்பங்களைக் கண்ணால் தொட்டுக்கொண்டு, எதிர்காற்றுக்குத் திரும்புகிறார். நிலத்தை அண்ண அண்ணக் காற்றின் வேகம் குறையுமாதலால் இன்னும் சற்று வேகத்தைச் சேர்த்துக்கொள்கிறார். வயலின் தாள்கள் தனித்தனியே தெரிகின்றன. ஆளுயரத்தில் சிறகு மிதந்து, வேகம் மெல்ல ஓய, கோலை முழுதும் மேலே தள்ளுகிறார். மூக்கு நிமிர்ந்து, சிறகு ஒருகணம் பாராசூட்டுப்போல் நின்று, இரண்டு கால்களும் தாளடியில் ஊன்றுகின்றன. வேண்டாத இடத்தில் கொல்லும் அதே சிறகுச்சோர்வை, வேண்டிய கணத்தில் தாமே வருவித்துக்கொண்டு அவர் நிற்கிறார்.

பறந்தது பதினைந்து நிமிடங்கூட இராது. கைகள் நடுங்குகின்றன, அது குளிரினால் என்று அவர் சொல்லக்கூடும். மேலே மற்றொரு சிறகு வயலை நோக்கித் திரும்புவதைக் கண்டு, கச்சையைக் கழற்றுமுன்னே சிறகைத் தோளிலேற்றி வரப்போரமாக ஒதுங்குகிறார். பின்னர் உட்கார்ந்து, பறந்த நேரம், ஓடையின்மேல் தாழ்ந்த அளவு, கொடிகள் தெற்குக் காட்டிய மணி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குகிறார்.